அப்டேட் நகராமல் நின்றால்: ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வீடு. அப்பா பென்ஷன், பேங்க் வேலைக்கும் அம்மா வீடியோ காலுக்கும் வைத்திருக்கும் லேப்டாப், எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. முன்பு ஏதோ கம்பெனியில் ஓடியது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11 ப்ரோ, 23எச்2 (2023-இன் இரண்டாம் பாதியில் வந்த பதிப்பு). அப்டேட் 20 சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்கிறது. சில நாள் ரீஸ்டார்ட் ஆகிப் பாதி தூரம் போய், பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. கடையில் "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. ஃபார்மட் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் எந்த இடத்தில் சிக்குகிறது என்று பார்க்காமல் செய்யும் ஃபார்மட் பல நேரம் வீண். அதே ஹார்ட் டிஸ்க், அதே டிரைவர் (கருவிகளை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள்) என்றால் அடுத்த மாதம் அதே இடத்தில் மீண்டும் நிற்கும்.

விண்டோஸ் அப்டேட் நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் என்ன தேவை என்று தேடுகிறது, பிறகு டவுன்லோடு, பிறகு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் இன்ஸ்டால், கடைசியில் ரீஸ்டார்ட்டுக்குப் பின் சுழலும் வட்டத்துடன் மீதி வேலை. தேடும்போதே பிழை வந்தால் நெட், கடிகாரம், பழைய கம்பெனி செட்டிங் இவற்றில் ஒன்று. டவுன்லோடு ஊர்ந்தால் நெட். டவுன்லோடு முடிந்து இன்ஸ்டால் ஊர்ந்தால் அநேகமாக டிஸ்க், அல்லது விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் சேதம். ரீஸ்டார்ட்டுக்குப் பின் பின்வாங்கினால் டிரைவர், ஆன்டிவைரஸ், அல்லது பூட் பார்ட்டிஷனில் (மெஷின் எழுவதற்கான கோப்புகள் இருக்கும் டிஸ்க்கின் சின்னப் பகுதி) இடமின்மை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தாலே டவுன்லோடிங் என்று இருக்கிறதா, இன்ஸ்டாலிங் என்று இருக்கிறதா எனத் தெரியும். அதே பக்கத்தில் அப்டேட் ஹிஸ்டரியில் தோற்றுப்போன ஒவ்வொன்றுக்கும் எதிரே பிழை எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா எண்களும் 0எக்ஸ் என்று தொடங்கும். கீழே அந்த முன்னொட்டை விட்டு மீதி எட்டு இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 23எச்2-வின் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு 2025 நவம்பர் 11-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே உங்கள் லேப்டாப் இப்போது இழுத்துக்கொண்டிருப்பது மாதாந்திரச் சின்ன அப்டேட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. 24எச்2-வோ 25எச்2-வோ வருகிறது. 24எச்2-விலிருந்து 25எச்2-வுக்குப் போவது ஒரு சின்னப் பொதிதான், ஆனால் 23எச்2-விலிருந்து எந்த ஒன்றுக்குப் போனாலும் விண்டோஸ் முழுவதும் மாறுகிறது. பல ஜிபி டவுன்லோடு, சி டிரைவில் 20 ஜிபிக்குக் குறையாத காலி இடம், ஹார்ட் டிஸ்க் மெஷினில் மூன்று நான்கு மணி நேரம். 20 சதவீதத்தில் ஒரு மணி நேரம் நிற்பதே இங்கே கோளாறு ஆகாது. பேங்க் வேலைக்குப் பயன்படும் மெஷின் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது.

கம்பெனியில் ஓடிய மெஷின் என்பதால், வேறு எதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டிடம் நேராகப் போகவிடாமல், உள்ளே இருக்கும் சொந்த அப்டேட் சர்வருக்குத் திருப்பிவிடும். விற்கும் முன் சரியாகத் துடைக்காவிட்டால் அந்தத் திருப்பல் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து எட்ட முடியாத ஒரு சர்வரை லேப்டாப் தேடிக்கொண்டே இருக்கும். 8024402சி, 80072ஈஈ7 போன்ற எண்கள் அதன் அடையாளம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் மேலே சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் கான்ஃபிகர்ட் அப்டேட் பாலிசிஸ் என்று ஏதாவது பட்டியல் இருக்கிறதா? அக்கவுண்ட்ஸில் ஆக்ஸஸ் ஒர்க் ஆர் ஸ்கூல் என்ற இடத்தில் பழைய கம்பெனிக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கணக்கு இருந்தால் டிஸ்கனெக்ட் செய்யுங்கள். பாலிசி மட்டும் இருந்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட் என்று வரிசையாக இறங்கினால் டபிள்யூயூசர்வர் என்ற பெயரில் பழைய முகவரி தெரியும். அந்த விண்டோஸ்அப்டேட் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது உங்கள் சொந்த லேப்டாப்புக்கு மட்டும். இப்போது வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இதைத் தொடவே கூடாது.

அடுத்து நெட். ஃபைபர் நெட் போகும் நேரங்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் கனெக்ஷன் (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளை இறக்காமல் காத்திருக்கும். அதை மாற்றிவிட்டால் இன்னொரு சிக்கல். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் காலியானதும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க 36 மணி நேரம் பிடிக்கும். பதிப்பு மாறும் பெரிய அப்டேட்டை ஹாட்ஸ்பாட்டில் முயலவே வேண்டாம். ஃபைபரில் இருந்தும் ஊர்ந்தால், அடுக்குமாடிக் கட்டடத்தில் சுற்றியிருக்கும் அத்தனை ரவுட்டர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசலாக இருப்பது சாதாரணம். 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறுங்கள், முடிந்தால் இந்த ஒரு நாள் மட்டும் லேன் கேபிளில் இணையுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனுக்குள் டவுன்லோடு வேகத்துக்கு யாராவது வரம்பு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இணையத்தில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கு உங்கள் நெட்டிலிருந்து அனுப்பும் வசதியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

80072எஃப்8எஃப் என்ற எண் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பே நடக்காது. சரிசெய்த தேதி ஒவ்வொரு முறை அணைத்த பிறகும் பின்னால் போனால் மதர்போர்டின் காயின் பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் சிஆர்2032. நீங்களே மாற்றலாம்.

இப்போது டிஸ்க். உங்கள் விவரத்தைப் படித்ததும் என் சந்தேகம் முக்கியமாக இங்கேதான் போகிறது. அப்டேட் இன்ஸ்டால் ஆகும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதம் என்று நிற்கும். கீழே ரீட், ரைட் வேகத்தைப் பாருங்கள், நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். நூறு சதவீதம் உழைத்தும் ஏன் இவ்வளவு குறைவு? அப்டேட் என்பது ஒரு பெரிய கோப்பை நேராகப் பிரதியெடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பிரித்து, சரிபார்த்து, டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் எழுதி, பழையவற்றையும் திரும்பிப்போக வேண்டிவரும் என்று பத்திரப்படுத்துகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கால் இப்படிச் சிதறிய வேலைகளை நொடிக்கு நூறு அளவில்தான் செய்ய முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, சாதாரணமானதுகூட, பல ஆயிரம் செய்யும். போதாததற்கு, எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸும் படிக்கிறது. பிராசஸ் பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் இரண்டும் மேலே இருந்தால் அப்டேட் சாகவில்லை, உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவற்றை எண்ட் டாஸ்க் கொடுத்துக் கொல்லாதீர்கள்.

அதே திரையில் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லிசெகண்டில் ஒரு எண் ஓடும். நல்ல ஹார்ட் டிஸ்க்கிலும் நெரிசலில் அது நூறு, இருநூறு என்று ஏறும், இறங்கும். ஆயிரங்களிலேயே நின்றால், அல்லது வேகம் பூஜ்யமாகவும் ஆக்டிவ் டைம் நூறாகவும் சேர்ந்து உறைந்தால், டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு), மாற்றக் காத்திருக்கும் செக்டர், மீட்க முடியாத செக்டர் என்பவை அவை. சி5-லோ சி6-லோ பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அப்டேட் முயற்சியை அங்கேயே நிறுத்தி, முதலில் அப்பா அம்மாவின் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கட்டளையைக் கொடுத்து மணிக்கணக்கில் டிஸ்க்கைக் குடைவது, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். நகல் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

டிஸ்க் நலமாக இருந்தாலும் என் பரிந்துரை எஸ்எஸ்டிதான். எட்டாம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11-ஐ ஓட்ட வலு இருக்கிறது. மெஷினைக் கிழமாக்குவது அந்த ஹார்ட் டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டுமா என்பதை மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவது எளிது. 256 ஜிபி உங்கள் தேவைக்குப் போதும், 500 இருந்தால் நிம்மதி.

இடம்: 80070070 என்றால் சி டிரைவ் நிறைந்துவிட்டது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்பரரி ஃபைல்ஸ் என்று போய்த் துடையுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் பிடிஎஃப் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

டவுன்லோடு முடிந்தும் திரும்பத் திரும்பத் தோற்றால், 80070002, 80073712 மாதிரி எண் வந்தால், அப்டேட்டின் தற்காலிகக் கிடங்கையோ விண்டோஸின் கோப்புகளையோ சரிசெய்ய வேண்டும். கிடங்கு சுலபம். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒன்று இருக்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்டேட் ஹிஸ்டரிப் பட்டியல் காலியாகத் தெரியலாம், அதனால்தான் பிழை எண்ணை முன்பே குறிக்கச் சொன்னேன். முதல் தேடலுக்கும் வழக்கத்தைவிட நேரமாகும்.

விண்டோஸ் கோப்புகளுக்கு இரண்டு கட்டளைகள். ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து டெர்மினல் அட்மின் திறந்து, முதலில் டிஐஎஸ்எம். அதன் பின் இடைவெளி விட்டு விட்டு மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு (/): ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த். நடுச்சொல்லில் மட்டும் குறுங்கோடு உண்டு. இது சேதமான கோப்புகளுக்குப் பதில் நல்லவற்றை மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கும், எனவே நெட் வேண்டும். 62.3 சதவீதத்தில் நீண்ட நேரம் நிற்பது வழக்கம், மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோட்டுடன் ஸ்கேன்நவ். வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது உள்ளே இருக்கும் கிடங்கிலிருந்து, அந்தக் கிடங்கைச் சரிசெய்வதுதான் டிஐஎஸ்எம். டிஐஎஸ்எம்மே 800எஃப்081எஃப் என்று தோற்றால் மாற்றுக் கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது அதனுடன் மல்லுக்கட்டாமல், கீழே சொல்லும் ஐஎஸ்ஓ (விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) வழிக்குப் போய்விடுங்கள்.

ரீஸ்டார்ட்டுக்குப் பின் பின்வாங்கும் விஷயத்துக்கு வருவோம். சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர். பிரிண்டர், பென் டிரைவ், யூஎஸ்பி ஹப், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால், டிஸேபிள் போதாது, முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸின் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஸ்டோரேஜ், டிஸ்ப்ளே, வைஃபை டிரைவர்களைப் போடுங்கள். 800எஃப்0922 வந்தால் விபிஎன் அல்லது பூட் பார்ட்டிஷனில் இடமின்மை. 80070643-க்குப் பல காரணம் உண்டு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு ரெக்கவரி அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத மெஷின்களில் இந்த எண்ணைக் காட்டியே தோற்றது. பார்ட்டிஷனை வெட்டி ஒட்டும் வேலையை முழு நகல் இல்லாமல் செய்ய வேண்டாம்.

பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழும் மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை, 48 இலக்கம், தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் மாறியதும் மெஷின் அதைக் கேட்கக்கூடும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே சாயங்கால மழையில் பெங்களூரில் கரண்ட் போவது தெரிந்ததே. லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு, பேட்டரி குறைந்தது பாதியாவது இருக்கும்போது தொடங்குங்கள். பேட்டரி செத்துப்போன செகண்ட் ஹேண்ட் லேப்டாப் டெஸ்க்டாப்புக்குச் சமம். டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும், பதிப்பு மாறும் அப்டேட்டுக்கு அது போதாது. மழை மேகம் இல்லாத காலை நேரத்தில் தொடங்குவதே நல்லது. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள், மூடியை மூடாதீர்கள். சதவீதத் திரை அசையவில்லை என்றால் டிஸ்க் விளக்கைப் பாருங்கள், விளக்கு இல்லாவிட்டால் அடியில் கை வைத்தால் ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வு தெரியும். அது இயங்கும்வரை காத்திருங்கள், ராத்திரி முழுக்க ஆனாலும். எந்த அசைவும் இல்லாமல் மூன்று மணி நேரம் போனால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது. தினமும் ஷட்டவுன் செய்வது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் ஷட்டவுனில் விண்டோஸின் உட்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப எழுகிறது. முயற்சிக்கு முன் ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் ஐஎஸ்ஓ வழி. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓவை இறக்கி, டபுள் கிளிக் செய்து திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். பர்சனல் ஃபைல்ஸ், ஆப்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுங்கள். விண்டோஸ் முழுவதும் புதிதாகப் பதியும், கோப்புகளும் மென்பொருட்களும் இருந்த இடத்தில் இருக்கும். உங்களுக்கு ரிப்பேரும் பதிப்பு மாற்றமும் ஒரே வேலையில் முடியும். இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுவது மொழியில். ஐஎஸ்ஓவில் இங்கிலிஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ், இங்கிலிஷ் இன்டர்நேஷனல் என்று இரண்டு உண்டு. உங்கள் விண்டோஸ் எதில் பதிந்ததோ அதையே எடுக்காவிட்டால் ஆப்ஸை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கலாகி அழுத்த முடியாமல் போகும். அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால் தொடராமல் வெளியே வந்து மற்ற ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

கடைக்காரர் சொல்வது சரியாகும் இடங்கள் இரண்டு. ஒன்று, டிஸ்க் கெட்டுப்போய் மாற்றும்போது. மற்றொன்று, லைட் என்ற பெயரில் வெட்டிக் குறைத்த விண்டோஸோ ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் மென்பொருள்) போட்ட விண்டோஸோ பதிந்திருந்தால். அவற்றில் அப்டேட் சர்வீஸையே பிடுங்கியோ முடக்கியோ வைத்திருப்பார்கள், எந்தக் கட்டளையும் அதைச் சரியாகத் திருப்பிக் கொண்டுவராது. அப்போது ஃபார்மட் கொடுங்கள், ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்து ஐஎஸ்ஓவை நீங்களே 8 ஜிபி பென் டிரைவில் எடுத்துப்போய், இதிலிருந்துதான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். கம்பெனி லேப்டாப்களில் ப்ரோ லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே ப்ரோவைப் பதிந்து நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும், கீக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. புதிதாகப் பதிந்து நெட்டை இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அந்தக் கம்பெனி ஈமெயிலைக் கேட்டால், அந்த லேப்டாப்பைப் பழைய முதலாளி தன் பட்டியலிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது போகாது. பில்லுடன் வாங்கிய கடைக்கே கொண்டுபோய் விடுவித்துத் தரச் சொல்லுங்கள், இல்லையேல் வேறு மெஷின் கேளுங்கள்.